இது என்ன இடம் என்று டொக்டர் கேட்டார்

1. வாசல்

எடித் எங்கள் வார்டுக்கு வந்த அன்று ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்த கையை விடவே இல்லை. எண்பத்தெட்டு வயது. இடுப்பெலும்பு முறிந்து, பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேஷன் முடித்து, மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்படி எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். அந்த மெலிந்த கையை விடுவிக்க இரண்டு ஆண்கள் வேண்டியிருந்தது.

"இதுக்குள்ளை என்னைக் கொண்டுபோகாதேங்கோ. றோட்டிலை வேணுமெண்டாலும் போடுங்கோ," என்றார். அவர் பேசியது கிழக்கு லண்டன் இங்கிலீஷ்தான். ஆனால் என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. அங்கே இங்கிலீஷில் பேசிய எல்லாரையும் அப்படியே எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் அங்கே நர்சிங் ஒக்சிலரியாகச் சேர்ந்தேன். ஒக்சிலரி என்றால் நர்ஸ் இல்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பெட்பான் வைப்பது, எல்லாரிடமும் பேச்சு வாங்குவது, இவ்வளவும் செய்கிற ஆள். இன்று முதியோரைப் பார்க்கும் கெயார் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ட்ரெயினிங்கில் எவ்வளவோ சொல்லித் தருகிறார்கள். நான் எழுதப்போவதை யாரும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை.

எங்கள் கட்டடம் ஒரு காலத்தில் வேர்க்ஹவுஸ். போக்கிடம் இல்லாத ஏழைகளை உள்ளே எடுத்து, வேலை வாங்கி, கஞ்சி ஊற்றி, புருஷன் பெண்சாதியைக்கூடப் பிரித்து வைத்த இடம். பிறகு பெயின்ட் அடித்து, கட்டில்களைப் போட்டு, முதியோர் வார்டு என்றார்கள். பெயர் மாறியது எங்களுக்குத்தான். அந்தப் பகுதிக் கிழவர் கிழவிகளுக்கு ஒன்றும் மாறவில்லை.

அட்மிஷன் நாளுக்கு வார்டில் ஒரு முறை இருந்தது. போட்டிருக்கும் உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டி ஸ்டோருக்கு அனுப்ப வேண்டும். குளிப்பாட்ட வேண்டும். வார்டு கவுனைப் போட வேண்டும். தோய வார்த்தால் அலுப்புத் தீரும் என்பது எங்கள் ஊர் எண்ணம். நான் பதமான சூட்டில் தண்ணீர் பிடித்து, நல்ல காரியம் செய்கிறேன் என்ற நினைப்போடு எடித்தைத் தொட்டியில் இறக்கினேன். அவர் சத்தமில்லாமல் அழுதார்.

"அப்பாவுக்கும் முதல் நாள் இப்பிடித்தான் செய்தவங்கள், பிள்ளை," என்றார். உடுப்பு ஏற்கனவே ஸ்டோருக்குப் போய்விட்டது.

2. திரும்பி வந்தவர்

சாப்பாடு ஊட்டும் நேரங்களில் துண்டு துண்டாகத்தான் சொன்னார். அவருடைய தகப்பன் விக்டோரியா மகாராணியின் படையில் ஆப்கானிஸ்தானுக்குச் சண்டைக்குப் போனவர். போகும்போது பாண்ட் வாத்தியமாம், சனம் கைதட்டினதாம். திரும்பி வந்தது முழங்காலில் ஒரு சூட்டுக் காயத்தோடும் விட்டு விட்டு வரும் காய்ச்சலோடும். கொஞ்சக் காலம் கொடுத்த பென்சனையும் நிறுத்திவிட்டார்கள்.

"விடிய விடிய துறைமுகத்து டொக் கேற்றிலை போய் நிப்பார். போர்மன் அண்டைய வேலைக்கு ஆக்களைத் தெரிவான். இவற்றை நொண்டிக் காலைப் பாத்திட்டுப் பக்கத்து ஆளைக் கூப்பிடுவான். கடைக்காரர் பழைய பட்டாளத்தானெண்டால் குடிகாரன் எண்டு கிட்டவும் எடுக்க மாட்டினம். நித்திரையிலை கத்துவார். எங்களுக்கு ஒரே ஒரு அறை. அம்மா எங்களைக் கொண்டுபோய்ப் படியிலை இருத்துவா."

குளிர்காலம் வந்தால் அவரைக் காணக் கிடைக்காது. புதுப் பட்டாளத்தாருக்குப் பயிற்சி கொடுக்கத் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போவார். அவர் போனது இந்த வேர்க்ஹவுஸுக்கு. பழைய கப்பல் கயிறுகளை நகத்தால் பிரித்து நாராக்கும் வேலை.

ஒரு முறை தெருவில் அரச ஊர்வலம் ஒன்று வந்தது. பழைய பட்டாளத்தாரை வரிசையாக நிறுத்தினார்கள். எடித்துக்கு அப்போது எட்டு வயது. வரிசையில் தகப்பன், நல்ல கோட்டோடு. "அப்பா" என்று கூப்பிட்டிருக்கிறார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர்வலம் முடிந்ததும் எடித் பின்னாலேயே போயிருக்கிறார்.

"இந்த வாசல் கேற்றிலை வைச்சுக் கோட்டுகளைத் திருப்பி வாங்கினாங்கள், பிள்ளை. எல்லாம் இரவல். கோட்டைக் குடுத்திட்டு அவர் உள்ளை போனார். நான் கண்டனான். கண்டதை அவருக்கு ஒருநாளும் சொல்லேல்லை."

அடுத்த குளிரில் அவர் இங்கேயே நெஞ்சுச் சளியில் செத்தார். வீட்டுக்குச் செய்தி வருவதற்குள் இன்னும் சிலரோடு ஒரே குழியில் புதைத்துவிட்டார்கள். எங்கே என்று கடைசிவரை காட்டவில்லையாம். எடித்துக்கு அதன் பிறகு வாழ்க்கையில் ஒரே ஒரு பிடிவாதம்தான். எங்கே செத்தாலும் இதற்குள் சாகக் கூடாது.

எனக்கு இது பொறுக்க முடியவில்லை. எங்கள் வார்டு சிஸ்டர் மேரி திருநெல்வேலிக்காரி. கறார்ப் பேர்வழி. அவரிடம் சொன்னேன்.

"அந்த ஆளு நம்ம பக்கத்துச் சனங்களைச் சுடறதுக்குத் துப்பாக்கி தூக்கிட்டுப் போனவருதானே? அவருக்காக நீ ஏன் மனசு உடையுற?" என்றார் சிஸ்டர்.

"சுடப் போனவர்தான் சிஸ்டர். போகச் சொன்னவங்கள் ஆரும் இஞ்சை வந்து கயிறு பிரிக்கேல்லையே," என்றேன்.

சிஸ்டர் எடித்தின் சார்ட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு, "சரி, அந்தம்மாவை வீட்டுக்கு அனுப்பப் பார்ப்போம்," என்றார்.

3. கேள்வி

வீட்டுக்கு அனுப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. எடித்துக்குச் சொந்தம் யாரும் இல்லை. கவுன்சில் அவருடைய ஃபிளாட்டைத் திருப்பி எடுக்க அவசரப்பட்டது. முதலில் தெரபிஸ்ட் பெண்ணின் கிச்சன் டெஸ்ட். நடை ஃபிரேமைப் பிடித்து நடந்து, கெற்றிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, தேநீர் ஊற்றிக் காட்ட வேண்டும். எடித் அதில் பாஸ். தேநீரை எனக்கே நீட்டினார். சாயம் அநியாயத்துக்குக் கூடிப்போயிருந்தது, நான் குடித்தேன்.

மிச்சம் இருந்தது கிழமைக்கொரு தடவை வரும் பெரிய டொக்டரின் ரவுண்ட்ஸ். புத்தி தெளிவா என்று பார்க்க அவர் சில கேள்விகள் கேட்பார். வயது என்ன, எந்த வருஷம், மகாராணி யார், இது என்ன இடம். இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்குப் பயம். காலையில் தலை வாரிவிடும்போதே சொல்லிவைத்தேன்.

"அம்மா, என்ன இடமெண்டு கேட்டால் ஆஸ்பத்திரி எண்டு சொல்லுங்கோ. வேறை ஒண்டும் கதைக்காதேங்கோ. அதோடை வீட்டை போயிடலாம்."

"அந்த மனுசன் வெக்கத்திலை பொய் சொல்லிச் சொல்லியே செத்தவர், பிள்ளை," என்றார் எடித். "அவர் இருந்த இடத்திலை நிண்டு நான் அப்பிடிச் சொல்ல மாட்டன்."

டொக்டர் வந்தார். எடித் வயதைச் சொன்னார், வருஷத்தைச் சொன்னார், மகாராணியையும் சொன்னார். "இது என்ன இடம்?" என்று டொக்டர் கேட்டார்.

"வேர்க்ஹவுஸ்," என்றார் எடித். டொக்டர் இன்னொரு தரம் கேட்டார். எடித் இன்னொரு தரம் அதையே சொன்னார், கொஞ்சம் உரத்து.

சிஸ்டர் மேரி விடவில்லை. கட்டடத்தின் கதையையும் தகப்பனின் கதையையும் அவசர அவசரமாக எடுத்துச் சொன்னார். டொக்டர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். "பழசு எல்லாம் நல்ல ஞாபகம்தான், சிஸ்டர். ஆனா அவ அதுக்குள்ளைதான் சீவிக்கிறா. தனிய விட்டால் கேஸ் அடுப்பை ஆர் பாக்கிறது?" என்றார். அதோடு முடிந்தது. ஃபிளாட்டைக் கவுன்சில் எடுத்துக்கொண்டது.

அதன் பிறகு எடித் எழும்ப முயற்சி செய்யவில்லை. ஊட்டினால் வாயைத் திறப்பார், அவ்வளவுதான். கடைசி மூச்சாவது இதற்கு வெளியே போகட்டும் என்று, பெரியாஸ்பத்திரியில் ஒரு கட்டில் கிடைக்குமா என்று சிஸ்டர் தினமும் போன் பண்ணிப் பார்த்தார். கிடைக்கவில்லை. ஒரு மத்தியானம், நான் பக்கத்துக் கட்டிலுக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தபோது, எடித் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே உயிரை விட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம், அதனால் ஆறவும் இல்லை.

அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு ரவுண்ட்ஸுக்கு முன்னாலும் ஒவ்வொரு கட்டிலாகப் போய், "ஆஸ்பத்திரி எண்டு சொல்லுங்கோ," என்று சொல்லிக் கொடுத்தேன். சிஸ்டர் கண்டும் காணாத மாதிரி இருந்தார். எடித்தைப் போல யாரும் மறுக்கவில்லை. தகப்பனையோ பாட்டனையோ இங்கே பறிகொடுத்தவர்களும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னார்கள். சிலர் வீட்டுக்குப் போனார்கள்.

"உங்கட வார்ட் ஆக்கள் இப்ப முந்தினதை விட நல்ல தெளிவு," என்றார் டொக்டர் ஒரு நாள்.

"ஓம், டொக்டர்," என்றேன்.