பெட்டிக்குக் கொடுத்த ஒரு நாள் ஓய்வு

ஆயுத பூசையன்று எங்கள் வீட்டில் எந்தச் சாமானையும் விட்டுவைப்பதில்லை. தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டரை நான் ஓட்டுகிறேன். அதற்கு அங்கேயே பூசை உண்டு. வீட்டில் மோட்டார் சைக்கிள், மனைவியின் தையல் மெஷின், கிரைண்டர், அரிவாள் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு நாள் தொடாமல் விடுவோம். போன வருடம் எனக்குப் புது ஞானம் ஒன்று வந்தது. ராப்பகலாகக் கண் சிமிட்டிக்கொண்டு உழைக்கிற இரண்டு பேரை நாம் கவனிப்பதே இல்லையே என்று தோன்றியது. ஒன்று, வீட்டுக்கு இணையம் கொடுக்கும் ரவுட்டர். மற்றது, வயர் மூலம் அதோடு சேர்ந்திருக்கும் சேமிப்புப் பெட்டி. எங்கள் படங்கள், பாட்டுகள், வீடியோக்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. ரிமோட்டை அமுக்கினால் டிவியில் வந்து ஓடும். சிரம்பானில் வாங்கி வந்து நானே மாட்டினேன். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், படிப்பை விட்டவனுக்கு அது பெரிய தலைக்கனம்.

இரண்டையும் அணைத்து, வயரைக் கழற்றி, சாமி மேடையில் வாழையிலை போட்டு உட்காரவைத்தேன்.

"ஏங்க, அதுக்குமா லீவு?" என்றாள் மனைவி.

"அதுவும் உழைக்குது லா."

"நாளைக்கு அப்பா திதி. சாயங்காலம் பாட்டுப் போடணும். அத மட்டும் மறந்துடாதீங்க."

மாமனாருக்கு அது முதல் திதி. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வெள்ளிதோறும் பஜனை பாடியவர். அவர் குரல் ஒரே ஒரு வீடியோவில்தான் இருக்கிறது. மனைவி எடுத்தது. எடுத்த போன் செத்துப்போனது. அதற்குள் நான் அதைப் பெட்டியில் போட்டுவைத்திருந்தேன். ராசா என்ற ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் அந்தப் பாட்டைக் கேட்கவே வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் காலை குளித்து, திருநீறு பூசி, இரண்டையும் பழையபடி மாட்டினேன். விளக்குகள் எரிந்தன. ரிமோட்டை அமுக்கினேன். பெட்டியைக் காணவில்லை என்று டிவி எழுதிக் காட்டியது.

முதல் சந்தேகம் குங்குமத்தின் மேல். பக்தி மிகுதியில் வயர் செருகும் ஓட்டை வரைக்கும் வைத்திருந்தேன். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். பலன் இல்லை. மோட்டாருக்கு மாலையும் பட்டையும் போட்டுவிட்டு, பெட்டிக்கு வெறும் பொட்டோடு நிறுத்தியது உறுத்தியது. மறுபடியும் சூடம் காட்டினேன். வேடிக்கைக்கு இல்லை, மனமுருகித்தான் கும்பிட்டேன். அம்மன் இரங்கியிருப்பாள். டிவி இரங்கவில்லை.

பெட்டியின் பின்புறம் ஊசி முனை அளவு ஓட்டை ஒன்று உண்டு. அதில் குத்தினால் எல்லாம் புதிதாக ஆரம்பிக்கும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஊதுபத்திக் குச்சியை எடுத்துக்கொண்டு, சுங்கை காடுட் தொழிற்சாலையில் காலை வேலையை முடித்துச் சாயங்காலம் வருவதாக இருந்த என் மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"குத்தாதீங்க மச்சான். உள்ள இருக்கிறது அழிஞ்சாலும் அழிஞ்சிடும்."

கை அப்படியே நின்றது. அடுப்படியில் இருந்த மனைவிக்கும் அது கேட்டுவிட்டது.

"கெடைக்கலன்னா பரவால்லங்க. அப்பா குரலு எனக்கு ஞாபகம் இருக்கு," என்றாள். சொல்லிவிட்டு, கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். திட்டியிருந்தால் எனக்கு இத்தனை பயம் வந்திருக்காது.

மச்சான் போனில் பொறுமையாகச் சொன்னான். ரவுட்டர் தன்னிடம் வரும் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நம்பர் கொடுக்குமாம். அணைத்து எழுப்பினால், வருகிற வரிசையில் புதிதாகக் கொடுக்கலாமாம். டிவியோ பழைய நம்பரைத் தேடியே போகும்.

"இன்னொரு போன்ல ரவுட்டரோட பக்கத்தத் தொறங்க. டிவி தேடுற நம்பரு டிவியிலயே எழுதியிருக்கும். அதுல இப்ப யாரு இருக்கா, பாருங்க."

மனைவியின் புதுப் போனில் திறந்து பார்த்தேன். அந்த நம்பரில் இருந்தது என்னுடைய போன். பெட்டி கிழவரைப் போல மெதுவாக எழுந்து வருவதற்குள், சட்டைப் பையில் இருந்த என் போன் முந்திக்கொண்டு அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. காலையிலிருந்து டிவி என் சட்டைப் பையைத்தான் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அம்மனைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

மச்சான் சிரித்த சிரிப்பில் தொழிற்சாலை மெஷின் சத்தமே கேட்கவில்லை. "சாமி கும்பிடுறப்ப போனையும் எலையில வச்சிருக்கணும் மச்சான். அதுதான் ஒங்களவிட அதிகமா ஒழைக்குது."

பெட்டியின் புது நம்பரை டிவிக்குச் சொல்லிக்கொடுத்தேன். இனி அந்த நம்பர் பெட்டிக்கு மட்டும்தான் என்று ரவுட்டரிலும் கட்டிப்போட்டேன். மனைவியைக் கூப்பிடாமல், சத்தத்தைக் குறைத்து ஒரு நொடி ஓடவிட்டுப் பார்த்தேன். அந்த ஒரு நொடியில் அவளே அடுப்படி வாசலில் வந்து நின்றாள், கையில் கரண்டியோடு.

சாயங்காலம் படையல் முடிந்து எல்லோரும் டிவி முன் உட்கார்ந்தோம். மாமனார் பாடினார். பக்கத்தில் ஜால்ரா தட்டுவது நான். அந்த வீடியோவை முழுதாகப் பார்த்து நாளாகியிருந்ததால், நடுவில் வரும் ஒன்றை மறந்தே போயிருந்தேன். என் ஜால்ரா தாளத்தை விட்டு முன்னே ஓடுகிறது. மாமனார் பாட்டை நிறுத்தித் திரும்புகிறார்.

"மாப்ள, எங்க இவ்ளோ அவசரமா ஓடுறீங்க? சாமி இங்கதான லா இருக்கு."

வீடே சிரித்தது. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"அந்த எடத்த மட்டும் இன்னொரு தடவ போடுங்க," என்றாள்.

போட்டேன்.