டென்மார்க்கில் சம்பந்தம் விசாரித்தது

1995 ஒக்ரோபர் 14, சனிக்கிழமை. வழமைபோல் ஐந்தரைக்கு எழும்பினேன். பின்கதவு வெப்பமானி ஆறு பாகை காட்டியது, குறித்துக்கொண்டேன். தேநீர் குடித்து, சப்பாத்தைத் துடைத்து, இரண்டு பென்சில் சீவினேன். வழமைக்கு மாறாக இருந்தது ஒன்றுதான். அன்று நான் டென்மார்க்கில் சம்பந்தம் விசாரிக்கப் புறப்பட்டேன்.

மகன் தன்னோடு படித்த வெள்ளைக்காரப் பிள்ளையைக் கட்டப்போவதாகச் சொல்லி இரண்டு மாதமாகியிருந்தது. நல்ல பிள்ளை என்பதில் மனைவிக்கும் சந்தேகமில்லை. ஆனால் விசாரிக்காமல் எங்கள் குடும்பத்தில் ஒரு கலியாணமும் நடந்ததில்லை. ஊரில் என்றால் காலையில் ஓர் ஆளைச் சைக்கிளில் அனுப்பினால் பொழுதுபட முதல் மூன்று தலைமுறை விவரம் வந்துவிடும். கனடாவின் மல்வேர்னிலிருந்து யாரை அனுப்புவது?

"ஆர் எவர் எண்டு தெரியாமல் நான் ஓம் சொல்லமாட்டன்," என்றாள் மனைவி.

"அம்மா ஓம் சொல்லாட்டி நான் கட்டமாட்டன்," என்றான் மகன்.

பிள்ளையின் தகப்பன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். அவருடைய பூட்டன் டென்மார்க்கிலிருந்து வந்தவர். அந்தப் பூட்டனின் தகப்பன் யாரென்று மூன்று வருடமாகச் சனிக்கிழமைதோறும் ஒரு நூலகத்தில் தேடிக்கொண்டிருந்தார். அங்கே டென்மார்க் தேவாலயப் பதிவேடுகளைப் படச்சுருளாக வரவழைத்துப் பார்க்கலாம். நானும் வரட்டுமா என்று கேட்டதும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என் மகளே ஒருநாளும் வந்ததில்லை," என்றார். நான் வந்த காரணத்தைச் சொல்லவில்லை.

பூட்டன் பிறந்த ஊரும் திகதியும் தெரியும். அதே குடும்பப் பெயருள்ள தகப்பன்தான் அகப்படவில்லை. எனக்கு விஷயம் உடனே விளங்கியது. கனடாவில் என் குடும்பப் பெயர் என்று எழுதியிருப்பது என் ஐயாவின் பெயர். ஐயாவுக்கு அது சொந்தப் பெயர். அந்தக் காலத்து டென்மார்க்கிலும் எங்களைப்போலத் தகப்பனின் சொந்தப் பெயரைத்தான் பிள்ளைக்குப் பின்னால் போட்டிருக்கவேண்டும்.

"தகப்பனின் கடைசிப் பெயரை விடுங்கள். முதற்பெயரைப் பாருங்கள்," என்றேன்.

அரைமணி நேரத்தில் ஆள் அகப்பட்டார். மூன்று வருடத்தில் பதினொரு தடவை பார்த்து, பதினொரு தடவையும் தள்ளிவிட்ட அதே வரி. சம்பந்திக்குக் கண் கலங்கிவிட்டது.

என்னைக் காரில் கொண்டுவந்து விட்டவர் மனைவிக்கும் காட்டவேண்டுமென்று, கண்டுபிடித்ததைக் குறித்த கொப்பியோடு உள்ளே வந்தார். மனைவி வடையும் தேநீரும் வைத்தாள்.

"என்ன உத்தியோகமாம்?" என்று என்னிடம் தமிழில் கேட்டாள்.

"ஆரோ ஒருத்தரின்ரை தோட்டத்திலை கூலி வேலை."

"அதுக்கு முந்தி?"

"அவரின்ரை தகப்பனும் அதே தோட்டத்திலைதான்."

மனைவி வடைத் தட்டைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்தாள். நான் மகனை நினைத்துக்கொண்டேன்.

சம்பந்தி ஒன்றும் அறியாமல் கொப்பியில் புதுப்பக்கம் புரட்டினார். "இனி உங்கள் பக்கம். எனக்கு உதவி செய்தீர்கள், நானும் செய்யவேண்டும். உங்கள் பாட்டனார் என்ன செய்தார்?"

"மலாயா ரெயில்வேயில் கிளார்க்," என்றாள் மனைவி, நிமிர்ந்து.

"அருமை! ரெயில்வே என்றால் எல்லாம் பதிவில் இருக்கும். திங்கட்கிழமையே கடிதம் போடுகிறேன். மனைவி, பிள்ளைகள், அத்தனை பேர் விவரமும் வந்துவிடும்."

அத்தனை பேரும் வந்துவிடுவார்கள் என்பதுதான் சிக்கல். என் பாட்டனாருக்கு மலாயாவில் இன்னொரு மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தது சொந்தக்காரர் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை.

"இந்தாளை நிப்பாட்டுங்கோ," என்றாள் மனைவி, சிரித்த முகம் மாறாமல்.

"என்னெண்டு நிப்பாட்டுறது?"

"இனி அவர் எங்கட சம்பந்தி. சம்பந்தியள் ஆளையாள் விசாரிக்கிறேல்லை எண்டு சொல்லுங்கோ."

நான் மொழிபெயர்த்தேன். 'சம்பந்தி' என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருந்தது. விளங்கியதும் அவர் கொப்பியை மூடிவிட்டு எழுந்து மனைவியைக் கட்டிப்பிடித்தார். வடைத் தட்டு அவர் பக்கம் திரும்பி வந்தது.

மறுநாளும் ஐந்தரைக்கு எழும்பினேன். வெப்பமானியைப் பார்க்கப் போனவனை மறித்து மனைவி பஞ்சாங்கத்தைக் கையில் தந்தாள். திங்கட்கிழமைக்கு முன்பே கலியாணத்துக்கு நாள் குறித்தாகவேண்டுமாம்.