மேலே போன கதவு

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் முப்பத்தெட்டு லிஃப்டுகள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. நான் நர்ஸாக இருக்கும் மருத்துவமனையின் நான்கு லிஃப்டுகளும் அதில் அடக்கம். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் இவரைப் போலப் பொறுமையாகப் பேச ஆள் கிடையாது. "ஒண்ணும் ஆகாதுங்க, மூச்சை நல்லா இழுத்து விடுங்க, ரெண்டு நிமிஷத்துல கதவு தெறந்துடும்" என்று குழந்தையிடம் சொல்வதுபோலச் சொல்வார். அதே மனிதர் ஒரு சினிமாக் கதவுக்காக ஏழு மாதம் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும், கூடவே குடித்தனம் நடத்தியவள் சொல்கிறேன்.

ஒரு விண்கலத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாகப் போய், கேட்காதவர்களுக்கெல்லாம் பஞ்சாயத்துப் பண்ணிவிட்டு வருகிற கூட்டத்தைப் பற்றி ஐந்து படங்கள் வந்திருந்தன. முதல் படத்தை இவர் பதினோரு வயதில் பார்த்தார். அதில் கேப்டன் அறைக் கதவு நடுவில் இரண்டாகப் பிளந்து, பெருமூச்சு விட்டபடி பக்கத்துக்கு ஒன்றாக ஒதுங்குமாம். ஊரே கேப்டனைப் பார்த்தது, இவர் கதவைப் பார்த்தார். லிஃப்ட் தொழிலுக்கு வந்ததே அந்தக் கதவால்தான். "என்னைக் கட்டிக்கணும்னு எப்போ தோணுச்சு?" என்று ஒருமுறை கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இருபத்தாறு வருடமாக யோசிக்கிறார். அந்தக் கதவு எத்தனை வினாடியில் திறக்கும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

இவரைப் போல இன்னும் ஆறு பேர் உண்டு. ஒரு பல் டாக்டர், ஒரு ரொட்டிக்கடைக்காரர், கல்லூரியில் கணக்கு நடத்தும் அம்மா ஒருவர், அவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட மூன்று பேர். மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் முன்னறையில் கூடி, ஐந்து படங்களையும் மென்ற வாய்க்கு மறுபடி மெல்லக் கொடுப்பார்கள். இவரைக் 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுவார்கள். திரைச்சீலை என்ன நிறத்தில் வாங்குவது என்றுகூட என்னைக் கேட்காமல் முடிவெடுக்காத கேப்டன்.

பதினேழு வருடம் கழித்து ஆறாவது படம் வருகிறது என்று அறிவித்தார்கள். முன்னோட்டம் வெளியான அன்று ஏழு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நாற்பதாவது வினாடியில் கேப்டன் அறைக் கதவு திறந்தது. நடுவில் பிளக்கவில்லை. ஒரே பலகையாக விருட்டென்று மேலே போனது.

"நிறுத்து!" என்று கத்தினார் இவர்.

பல் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கதவு மறுபடியும் மேலேதான் போனது. "இது கடை ஷட்டர்ங்க" என்றார் ரொட்டிக்கடைக்காரர், தினமும் ஷட்டர் தூக்குகிறவர் என்ற உரிமையில். கணக்கு அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். துக்க வீட்டில் கொடுப்பதுபோல எல்லாருக்கும் காபி கொடுத்தேன்.

மறுநாளே இவர் பதினான்கு பக்கத்துக்கு ஒரு கண்டன அறிக்கை எழுதிக் குழுவின் இணையப் பக்கத்தில் போட்டார். நாலாயிரம் பேர் படித்தார்கள், பாதிப் பேர் கைதட்டினார்கள். அதில் ஒரு வரி எல்லார் வாயிலும் புழங்கியது: 'இந்தக் கதவைச் செய்தவர் வாழ்நாளில் ஒரு கதவைக்கூடத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்.'

அன்று மாலை எங்கள் மகள் சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். சினிமாவுக்குக் கணினியில் காட்சிகள் செய்துகொடுக்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். எந்தப் படம் என்று கேட்டால் மூச்சு விட மாட்டாள், ஒப்பந்தம் அப்படி.

"அம்மா, அந்தக் கதவை நான்தாம்மா செஞ்சேன்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தக் கதவு நிஜத்தில் கிடையாதாம். நடிகர்கள் வெறும் பச்சைத் துணிக்கு முன்னால் நடந்திருக்கிறார்கள். கதவு, அதன் கீறல், அதில் விழும் வெளிச்சம் எல்லாம் இவள் பதினான்கு மாதம் உட்கார்ந்து செய்தது.

"கடைசில பேர் ஓடும்ல, அதுல என் பேர் வரும்மா. அப்பா அதைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்னு இருந்தேன். படம் வர்றதுக்கு முன்னாடி வெளிய தெரிஞ்சா வேலை போயிடும். நீயும் சொல்லிடாதே. அவர் கடைசி வரைக்கும் உக்காந்திருந்தா போதும்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். ஒரு பக்கம் அறிக்கை, ஒரு பக்கம் மகளின் முகம். நடுவில் நான் வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிறு குழு கூடிப் படத்தைப் புறக்கணிப்பது என்று ஒருமனதாக முடிவு செய்தது.

"அப்போ டிக்கெட் வாங்க மாட்டீங்க?" என்று கேட்டேன்.

"வாங்குவோம். முதல் நாள், முதல் காட்சி" என்றார் இவர். "வீட்டுலயே இருந்தா நாம வரலைன்னு யாருக்குத் தெரியும்? உள்ள போய் உக்காரணும். அந்தக் கதவு மேல போறப்போ ஏழு பேரும் ஒண்ணா எந்திரிச்சு வெளிய வரணும்."

ஏழு பேர் எழுந்தால் கண்ணில் படாது, ஆளுக்கு இரண்டு இடமாக எடுத்தால் ஒரு வரிசையே காலியாகத் தெரியும் என்றார் கணக்கு அம்மா. முன்பதிவு தொடங்கியதும் பதினான்கு டிக்கெட் வாங்கினார்கள். இப்படிப்பட்ட விரோதிகள் கிடைக்க அந்தப் படக் கம்பெனி கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

"முழுசாப் பார்த்துட்டுத் திட்டுங்களேன்" என்று கெஞ்சிப் பார்த்தேன். "பார்த்துட்டு யார் வேணாலும் திட்டலாம்" என்றார்.

ஏழு மாதம் கழித்துப் படம் வெளியான காலையில் மகள் அதே வரிசையில் எங்களுக்கும் இடம் பிடித்திருந்தாள். இவருக்கு ஒரு பக்கம் அவள், மறுபக்கம் ஒரு காலி நாற்காலி. அரை மணி நேரத்தில் அந்த இடம் வந்தது. கதவு மேலே போனது. ஏழு பேரும் எழுந்தார்கள். மகள் இவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அப்பா, கடைசி வரைக்கும் இருங்கப்பா. எனக்காக."

"கொள்கைம்மா" என்று கையை விடுவித்துக்கொண்டு போனார். "தலை மறைக்குது, சீக்கிரம் போங்கய்யா!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். அவர்கள் புரட்சிக்குக் கிடைத்த ஒரே எதிர்வினை அதுதான்.

மகள் திரையைப் பார்த்தபடி அழுதாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. படம்தான் வெளியாகிவிட்டதே, இனி என்ன ரகசியம் என்று எழுந்து போனேன். வெளியே சோளப்பொரி விற்கும் இடத்தில் ஏழு பேரும் வெற்றி வீரர்களாக நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கதவைச் செஞ்சது உங்க பொண்ணு" என்றேன்.

என் பின்னாலேயே மகளும் வந்துவிட்டிருந்தாள். இவர் அவளைப் பார்த்தார். "நீயா?"

"ஆமாப்பா. நடுவுலதான் பிளக்கணும்னு மூணு தடவை எழுதிக் கொடுத்தேன். எங்கப்பா லிஃப்ட் மெக்கானிக்னுகூட எழுதினேன். யாரும் கேக்கல. மேலதான் போகணும்னாங்க, செஞ்சேன். அது பரவாயில்ல. ஆனா, கதவைத் தொட்டதே இல்லன்னு எழுதினீங்களே? லீவு நாளெல்லாம் உங்ககூட மெஷின் ரூம்ல உக்காந்து கிரீஸ் டப்பாவைப் பிடிச்சது யாருப்பா?"

பல் டாக்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மூணு தடவை எழுதிக் கொடுத்ததுக்குத் தேதி இருக்கா?" என்றார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் வாய் தானாக மூடிக்கொண்டது.

மாட்டிக்கொண்டவர்களையெல்லாம் பேசியே தேற்றுகிற மனிதர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார். அதே பின்வரிசைக்காரர் அதையே மறுபடி கத்தினார். சிறிது நேரத்தில் குடையை மறந்துவிட்டேன், பையை மறந்துவிட்டேன் என்று மற்ற ஆறு பேரும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள்.

கடைசியில் பெயர்கள் ஓடின. நூற்றுக்கணக்கான பெயர்கள், எறும்பு சைஸில். இவர் எழுந்து நின்று "எங்கம்மா, எங்க?" என்று பதறினார். மகள் விரல் நீட்டினாள். கண் சிமிட்டுவதற்குள் போய்விட்டது.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். இவ்ளோ பொடியாவா போடுவாங்க?" என்றார். 

இரண்டு நாள் கழித்துப் படக் கம்பெனிக்கு ஒன்பது பக்கக் கண்டனம் தயாராகிவிட்டது. கதவைச் செய்தவரைப் பற்றித் தான் முன்பு எழுதியது தவறு என்பதே அதன் முதல் வரி. 'தவறு' என்ற சொல்லை இவர் தன் விஷயத்தில் பயன்படுத்தி நான் பார்த்ததே இல்லை. பிறகு பழைய குதிப்புதான். கதாநாயகன் பெயருக்கு எட்டு வினாடி, கதவு செய்த பெண்ணுக்கு அரை வினாடியா? மூன்று முறை எழுதிக் கொடுத்தும் கேட்காத காதுகள் யாருடையவை? மகளை உட்காரவைத்துத் தானே வாசித்துக் காட்டினார்.

அவள் பதறிப்போனாள். "அப்பா, ஆபீஸ்குள்ள நடந்ததை வெளிய சொன்னா என் வேலை போயிடும். அன்னிக்கு ஏதோ கோபத்துல சொல்லிட்டேன்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். எழுதிய கண்டனம் எதையும் இவர் அனுப்பாமல் விட்டதில்லை. சோப்பு நுரைக்கவில்லை என்று கம்பெனிக்கு எழுதி, பதில் வரும்வரை குளிக்க மாட்டேன் என்றவர். இப்போது கொள்கை பேசப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் ஒன்பது பக்கத்தையும் அடுக்கித் தட்டிச் சரிசெய்து அவளிடம் நீட்டினார்.

"அப்போ அனுப்பல. நீ படிச்சாப் போதும்."

அவள் அங்கேயே உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். இவர் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒவ்வொரு பக்கம் புரளும்போதும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.