தனி வயலினுக்கு முந்திய மௌனம்

கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டில் ஜப்பானிய அனிமே என்றால் பொம்மைப் படம், அவ்வளவுதான். அந்தப் படங்களின் இசையை வாசிக்கும் குழுவில் நான் சேர்ந்தபோது அம்மாவின் முகம் கறுத்துவிட்டது.

"அரங்கேற்றம் செய்த பிள்ளை பொம்மைப் படத்துக்கு வயலின் வாசிக்கிறதோ? சனத்துக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

சனம்! என் அரங்கேற்றத்தில் மிருதங்கத் தனி ஆவர்த்தனம் தொடங்கியதுமே சாப்பாட்டு வாசம் பிடித்துக்கொண்டு எழும்பிப் போன அதே சனம்.

நம் படங்களில் ஒருவர் அழத் தொடங்குமுன்பே இருபது வயலின்கள் ஒப்பாரி வைத்துவிடும். திரையில் படம் ஓட, மேடையில் நாங்கள் வாசிக்கவிருந்த அனிமேயில் ஒரு சிறுமி ஆளில்லாத வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். கதவைத் திறந்ததும் இசை அப்படியே நின்றுவிடும். காற்றுச் சத்தம் மட்டும். கேட்பவருக்கு மூச்சு முட்டும் வரை விட்டுவிட்டு, பிறகு ஒரே ஒரு வயலின் எழும். அந்த வயலின் எனக்குக் கிடைத்திருந்தது. தரையில் சப்பணமிட்டு, வயலினின் தலையைக் காலில் ஊன்றி வாசித்துப் பழகியவள் நான். நாற்காலியில் நிமிர்ந்திருந்து தாடையில் இடுக்கி வாசிக்க முதலிலிருந்து பழகினேன். அம்மா அதை ஒருமுறை கேட்டால் போதும் என்றிருந்தது. வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

கச்சேரியன்று வெம்பிளி மண்டபத்துக்கு அம்மா வந்தார், சித்தியையும் கூட்டிக்கொண்டு. முன்வரிசை. திரையில் சிறுமி கதவைத் திறந்தாள். நாங்கள் நிறுத்தினோம். காற்று வீசியது. நான் வில்லைத் தூக்கியபோது முன்வரிசையிலிருந்து இரண்டு பட்டுச் சேலைகள் எழும்பி, சரசரவென்று வாசலை நோக்கிப் போயின. கதவு மூடிய பிறகு நான் வாசித்தேன். நன்றாகத்தான் வாசித்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் வயிறெரிகிறது.

"இடைவேளை எண்டு நினைச்சம். பிந்திப் போனா தேத்தண்ணிக்கு வரிசையிலை நிண்டு காயவேணும்," என்றார் அம்மா காரில். எதைத் தவறவிட்டார் என்று நான் சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்தவரிடம் என்ன சொல்வது?

அடுத்த வெள்ளிக்கிழமை ஆர்ச்வே கோயிலில் தெரிந்த அன்ரி ஒருவர், "மகள் கச்சேரியிலை வாசிச்சவவாம்?" என்று அம்மாவிடம் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஓம், நல்லா வாசிச்சவள். ஆனா தனிய வாசிக்க ஒண்டும் குடுக்கேல்லை, பாவம்," என்று அம்மா எனக்காகப் பரிந்து பேசினார்.