ஏரித் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்

நான்காம் வகுப்பில் ஒரு மலையூரின் மாதிரியைச் செய்துகொண்டு வரச் சொன்னார் எங்கள் மிஸ். பெங்களூரு தொம்மலூரில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்த ஒரே மேடு மேம்பாலம்தான். ஆனால் அப்பா ஏற்காட்டுக்காரர். பாதி மதிப்பெண் அப்போதே கைக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பழைய பேப்பரை ஊறவைத்து, மைதாப் பசை கலந்து பிசைந்து, தெர்மாகோல் பலகையின்மேல் மலை எழுப்பினோம். அப்பா எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. சேலத்திலிருந்து ஏறும் பாதைக்குக் கறுப்பு நூலை ஒட்டி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் வளைத்தார். குரங்குகள் உட்காரும் சுவர் எந்த வளைவில் என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது. வடக்கே உயரத்தில் சேர்வராயன் கோயில். தெற்கே சேலத்து விளக்குகள் தெரியும் செங்குத்துச் சரிவு. நடுவே ஏரி, சுற்றிலும் காப்பித் தோட்டம். மரங்களுக்குக் கொத்தமல்லிக் காம்பு என்பது மட்டும் என் யோசனை.

ஏரிக்கு நீலம் பூசியதும் அப்பாவின் கை நின்றுவிட்டது.

"ஏரி ரொம்பினா தண்ணி எந்தப் பக்கம் போவும்னு மறந்துபோச்சே" என்றார்.

எனக்குக் கோபமாக வந்தது. நான் பார்த்த ஏரிகளெல்லாம் வேலிக்குள் நுரைத்துக்கொண்டு கிடப்பவை. அவை எங்கேயும் போவதில்லை. விட்டுவிடலாம் என்றேன். தண்ணீருக்கு வழியில்லாவிட்டால் மிஸ் மார்க் தரமாட்டார் என்று பயமுறுத்தினார். செல்போனில் பார்க்கலாம் என்றதற்கு, அதில் எல்லாம் தப்பாக இருக்கும் என்றார்.

"அத்தைக்குத்தான் தெரியும். நீயே கேளு."

அடுப்பை அணைத்துவிட்டு அம்மா கூடத்துக்கே வந்துவிட்டாள். ஏற்காட்டிலேயே இருக்கும் அப்பாவின் அக்காவோடு இரண்டு வருடமாக எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அத்தை மகளின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் வைக்க வேண்டிய அப்பா, வேலை முடிந்து கிளம்பி, தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். நல்ல நேரம் போய்விடும் என்று அதற்குள் ஒன்றுவிட்ட மாமன் ஒருவரை நிறுத்திச் சீரை முடித்துவிட்டார்கள். அப்பா கொண்டுபோன தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு, கை நனைக்காமல் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். இருவருக்கும் வீம்பு ஒரே அளவுதான்.

அத்தை போனை எடுத்ததும் நலம்கூட விசாரிக்காமல் நான் நேரே ஏரிக்குப் போனேன்.

"ஏங் கண்ணு, உங்கப்பனுக்குத் தெரியாதா?"

"மறந்துபோச்சாம் அத்தை."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதென்று நினைத்து ஹலோ, ஹலோ என்று கத்தினேன்.

"போன அவங்கிட்டக் குடு."

அப்பா எழுந்து நின்று வாங்கினார். "அக்கா" என்றார். அதற்குப் பிறகு ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அத்தை மகளின் படிப்பு, மாமாவின் முட்டிவலி என்றே பேச்சு போனது. என் தண்ணீர் என்ன ஆயிற்று என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"தப்புதாங்க்கா. சாப்பிட்டுட்டுப் போயிருக்கணும்" என்றார் அப்பா. அம்மா என்னைத் தூக்காத குறையாக உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

தண்ணீர் கிளியூர் அருவியாக விழுகிறது என்பது கடைசியில்தான் தெரியவந்தது. நானே நீலக் கோடு இழுத்தேன். மிஸ் வெறும் 'குட்' போட்டார். எனக்கு இன்றும் அதில் வருத்தம்தான்.

தசரா விடுமுறையில் ஏற்காட்டுக்குப் போனோம். அத்தை அப்பாவுக்கு முதல் இலை போட்டு, போதும் போதும் என்னும்வரை பரிமாறினார். சாப்பிட்டதும் எல்லோரும் அருவிக்குக் கிளம்பினோம். அப்பா யாரையும் வழி கேட்கவில்லை. தோட்டத்துக் குறுக்குப் பாதையில் புகுந்து, எந்தப் படி வழுக்கும் என்பதைக்கூட முன்கூட்டியே சொல்லிக்கொண்டு இறங்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா அத்தை, நான் வரைஞ்சத அப்பா நல்லா ஞாபகம் வெச்சிருக்காரு."

அத்தை சிரித்த சிரிப்பில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஆமா கண்ணு, நீதான் வழி காட்டுன."

நியாயமான பாராட்டுதானே என்று தோன்றியது. அப்பா மறுபடியும் மறந்துவிடக்கூடாதே என்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானே முன்னால் நடந்தேன்.