வாட்ச்மேனிடம் மாட்டிய பிரிண்டர்

என் தங்கச்சியின் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் பூட்டு. லிப்ட் கதவைச் சாத்திவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். பக்கத்தில் நிற்பவன், "நான் பாத்துட்டேண்ணே, சரியாத்தான் இருக்கு" என்றால், "நீ பாத்தது உனக்கு" என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை இழுப்பார். ஜனங்களின் உயிர் ஒரு கொக்கியில் தொங்குகிற வேலை. அந்தப் புத்தியை நான் குறை சொல்ல மாட்டேன். அதை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார், அங்கேதான் ஆரம்பித்தது.

சில வருஷம் முன்னால் சன்னலோரம் ஒரு கேமரா வைத்திருந்தார். தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த கேமரா, ஒருநாள் யாரும் தொடாமல் கழுத்தைத் திருப்பிக் கூடத்தைப் பார்த்தது. தலை துவட்டிக்கொண்டிருந்த தங்கச்சி கையிலிருந்த துண்டை அப்படியே அதன் மேல் போட்டாள். எவனோ இன்டர்நெட் வழியாக உள்ளே பூந்திருக்கிறான். மாப்பிள்ளை கேமராவைச் சுத்தியலால் அடித்தார். அதோடு ஆறவில்லை. ஒரு ஆபீசில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கிவந்து, தெரிந்தவனையெல்லாம் நச்சரித்துக் கற்றுக்கொண்டு, அதை வீட்டுக்குக் காவலாக வைத்தார். ஃபயர்வால் என்று பெயராம். வெளியிலிருந்து வருகிற லைன் முதலில் அதற்குள் போகும். அது விட்டால்தான் வீட்டுக்குள் எதுவும் வரும். செருப்பு அலமாரியின் மேல்தட்டில் உட்கார்ந்து ராப்பகலாக உறுமும். தங்கச்சி அதை வாட்ச்மேன் என்பாள்.

அவள் தையல் ஃபேக்டரியில் இருந்தவள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, இருமல் பிடித்துக்கொண்டது. டாக்டர் இனி அந்தப் பக்கம் போகாதே என்றார். வீட்டிலேயே மிஷின் போட்டாள். சில்லறைத் தையலாக ஓட்டிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு நர்சிங் ஹோமிலிருந்து சொந்தமாக ஆர்டர் வந்தது, நர்சுகளுக்கு மேல்கோட்டு. துணி அவர்களுடையது. நல்லபடியாகக் கொடுத்தால் வருஷம் பூராவும் வேலை.

"இது மட்டும் சரியா போச்சுன்னா அந்தத் தூசிக்குள்ள நான் திரும்ப நுழைய வேண்டாம்ணே" என்றாள். என்னிடம் ஒரு லோடு வேன் இருக்கிறது. துணிக்கட்டை நான்தான் கொண்டுவந்து போட்டேன்.

கோட்டுக்கான பேட்டர்னை அவள் லேப்டாப்பிலிருந்து பிரிண்ட் எடுப்பாள். தாள் தாளாக வரும், ஒட்டித் துணி மேல் வைத்து வெட்டிக்கொள்ள வேண்டும். முதல் தாளின் மூலையில் இரண்டு இன்ச் கட்டம் ஒன்று இருக்கும். கட்டம் அளவாக வந்திருந்தால் மற்றதெல்லாம் அளவு. அதை அளக்காமல் அவள் கத்தரியைத் தொட்டதில்லை.

துணிக்கட்டு வந்ததும் தையல் மேஜையில் இடம் போதவில்லை.

"இந்த பிரிண்டரைத் தூக்கிக் கூடத்துல வைங்க."

"லேப்டாப் உள்ள, பிரிண்டர் வெளிய. ஒயரை உன் தலை மேலயா இழுக்கறது? இது ஒயர் இல்லாம பேசற ஜாதி இல்ல."

"வாட்ச்மேன் சும்மாதானே உக்காந்திருக்கான். அவன்கிட்ட மாட்டுங்க."

"காவலுக்கு நிக்கறவனைப் பாத்திரம் தேய்க்கச் சொல்லுவியா?"

"நான் தேய்க்கல? வாசக்கதவையும் நான்தானே பூட்டறேன்."

"நீ பூட்டினதை நான் திரும்பப் பாக்கறேன்ல" என்றார் மாப்பிள்ளை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

ஆனால் செய்து கொடுத்தார். பிரிண்டரின் ஒயரை வாட்ச்மேனில் செருகி, லேப்டாப்பிலிருந்து சொன்னால் வாட்ச்மேன் வாங்கி பிரிண்டருக்குக் கொடுக்கிற மாதிரி அமைத்தார். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்த வழி. வெளியிலிருந்து எவனும் பிரிண்டரைத் தொட முடியாது என்று நிச்சயப்படுத்திக்கொள்ள, என்னைத் தெருவில் நிறுத்தி என் போனிலிருந்து முயற்சி பண்ணிப் பார்த்தார், பல தடவை. எதுவும் நுழையவில்லை. கடைசியில் லேப்டாப்பிலிருந்து ஒரு தாள் விட்டார். ஓரம் வெட்டுப்பட்டு வந்தது. லேப்டாப்பில் என்னவோ தட்டினார். அடுத்தது முழுசாக வந்தது. அவர் முகத்தில் அப்படியொரு திருப்தியை நான் பார்த்ததில்லை.

தங்கச்சி பேட்டர்னை எடுத்தாள். கட்டத்தை அளக்கவில்லை. "இவர் கை வச்சதுக்கு மேல நான் என்னத்த அளக்கறது?" என்று கத்தரியை எடுத்தாள்.

கோட்டெல்லாம் தைத்து, தேய்த்து, மடித்து வேனில் ஏற்றினோம். நர்சிங் ஹோமில் பெரிய சிஸ்டர் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தார். தோள் ஏறியது, பொத்தான் மாட்ட வரவில்லை. ஒரு சைஸ் பெரியதை எடுத்தார். அதுவும் இறுக்கிப் பிடித்தது.

"கையைத் தூக்கினா கிழிஞ்சிடும் போல இருக்கேம்மா. நாங்க கொடுத்த அளவைத்தானே வச்சுத் தைச்சே?"

தங்கச்சி கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து மார்புச்சுற்றை அளந்தாள். திரும்பவும் அளந்தாள். கோட்டுகளைத் திரும்ப வேனில் ஏற்றினோம். வீட்டுக்குள் போனதும் பேட்டர்ன் தாளைத் தரையில் விரித்து மூலையில் டேப்பை வைத்தாள். கட்டம் இரண்டு இன்ச் இல்லை. ஒரு நூல், அதாவது அரைக்கால் இன்ச், குறைச்சல்.

மாப்பிள்ளை கிரீஸ் கையோடு வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு உடனே முகம் இறுகியது.

"எவனோ உள்ள வந்திருக்கான் மச்சான். என் பெட்டியில கை வச்சிருக்கான்."

கையைக்கூடக் கழுவாமல் வாட்ச்மேன் முன்னால் உட்கார்ந்தார். யார் யார் கதவைத் தட்டினார்கள் என்று அது எழுதி வைத்திருக்குமாம். வரி வரியாகப் பார்த்தார். டீ ஆறிப்போனது. தங்கச்சி மடித்த கோட்டுகளைத் திரும்பப் பிரித்துக்கொண்டிருந்தாள். தையலுக்கு விட்ட ஓரமும் சேர்ந்து சுருங்கியிருந்ததால் பிரித்துப் பெரிதாக்கவும் உள்ளே துணி இல்லை.

வெகுநேரம் கழித்து மாப்பிள்ளை எழுந்து உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தார். பிறகு வாசற்படியில் வந்து நின்றார்.

"யாரும் வரல. ஓரம் வெட்டுதேன்னு தாளுக்குள்ள அடங்கற மாதிரி நான்தான் வச்சேன். அது எல்லாத்தையும் சுருக்கியிருக்கு."

"தெரியும்" என்றாள் தங்கச்சி, தலையைத் தூக்காமல். "அளக்காதது நான்."

திட்டியிருந்தால் அந்த மனுஷன் தேறியிருப்பார்.

சின்ன உடம்புக்காரர்களுக்குப் பொருந்தியதை மட்டும் நர்சிங் ஹோம் எடுத்துக்கொண்டது. மற்ற வேலை வேறு இடத்துக்குப் போனது. தங்கச்சி திரும்ப ஃபேக்டரிக்குப் போகிறாள். சாயங்காலம் கேட்டில் வேனோடு காத்திருக்கும்போது, அவளைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் இருமல் எனக்குக் கேட்டுவிடும்.

மாப்பிள்ளை அந்த அமைப்பை அன்றைக்கே மாற்றிவிட்டார். ஆனாலும் தினம் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் பேட்டர்னின் முதல் தாளை ஒரு பிரிண்ட் எடுக்கிறார். கட்டத்தை ஸ்கேல் வைத்து அளக்கிறார். பக்கத்தில் பேனாவால் ஒரு டிக். செருப்பு அலமாரியின் மேல் தாள் சேர்ந்துகொண்டே போனது. தங்கச்சி அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. தூசி தட்டும்போதுகூட அந்த அடுக்கைத் தொடாமல் சுற்றித் துடைத்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரிய சிஸ்டர் என் வேனில் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். புதுசாகத் தைக்கிறவர்கள் இழுத்தடிக்கிறார்களாம். ஒரே ஒரு கோட்டுக்குத் துணி, மாதிரிக்கு. அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்வார்களாம்.

தங்கச்சி பொட்டலத்தைப் பிரித்துத் துணியைக் கையால் தடவிப் பார்த்தாள். எழுந்து போய் அலமாரியிலிருந்து அன்றைய தாளை எடுத்தாள்.

"இன்னைக்குக் காலையில எடுத்தது. அளந்துட்டேன், சரியாத்தான் இருக்கு" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க அளந்தது உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுத் தாளை மேஜையில் போட்டாள். கழுத்திலிருந்த டேப்பை உருவிக் கட்டத்தின் மேல் வைத்தாள். நீளம் பார்த்தாள், அகலம் பார்த்தாள். நடுவில் இருமல் வந்து டேப் நழுவியது. மறுபடி முதலிலிருந்து வைத்தாள்.

மாப்பிள்ளை கதவு நிலையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவள் கத்தரியைத் தேடிக் கையை நீட்டிய பிறகுதான் நகர்ந்தார்.