614ஆம் அறையில் ஓர் ஆள்

சனிக்கிழமை மாலை ஆறேகால் மணிக்கு ஆறாவது மாடி ஸ்டோர் ரூம் கதவை யாரோ தட்டினார்கள். விருந்தினர்கள் அங்கே வருவதில்லை. திறந்தால் 614ஆம் அறைக்காரர் நின்றிருந்தார்.

"என் ரூம்ல ஒரு ஆள்தான்னு எழுதினது நீங்களாம்மா?" என்றார்.

"ஆமாம் சார்."

மறுநாளைக்கான சோப்புக் கட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை விட்டுப்போனது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு நடுத்தர ஹோட்டலில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஹவுஸ்கீப்பிங்கில் இருக்கிறேன். கடைசிப் பதினொரு ஆண்டுகள் ஃப்ளோர் சூப்பர்வைசர். புதிதாகச் சேர்பவர்களுக்குப் படுக்கை விரிக்கவும் துவாலை மடிக்கவும் நான்தான் பழக்குவேன். இந்த ஒரு சம்பவத்தை மட்டும் அவர்களில் யாருக்கும் சொன்னதில்லை. தினமும் வீட்டுக்கு வந்து அறைவாரியாகக் கட்டம் போட்டு எழுதும் என் நோட்டில் இருப்பதை வைத்து இங்கே எழுதுகிறேன்.

1. செட்டப்

புக்கிங் மெல்பர்னில் இருக்கும் மகள் செய்தது. கிள்ளானில் வசிக்கும் அப்பா அம்மாவுக்கு முப்பதாவது திருமண நாள் பரிசு. சனி, ஞாயிறு தங்கல். இதை நாங்கள் 'ஆனிவர்சரி செட்டப்' என்போம். கட்டில் நடுவில் துவாலையில் செய்த இரண்டு அன்னங்கள், கழுத்தோடு கழுத்து சேர்ந்து. சுற்றிலும் ரோஜா இதழ். இரண்டு ஜோடி ஸ்லிப்பர், இரண்டு கப். அன்னத்தின் கழுத்து சரியாமல் நிற்பது கஷ்டம். அதனால் அதை நானே செய்வேன்.

இரண்டு மணிக்கு அப்பா குணசேகரன் மட்டும் வந்தார். துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "மிசஸ் பின்னால வராங்க" என்று ரிசப்ஷனில் சொல்லியிருக்கிறார். மூன்றரை மணிக்கு அயர்ன் போர்ட் கேட்டார். கொண்டுபோனேன். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டிலில் ஓர் இதழ்கூட நகரவில்லை.

"படுத்து ரெஸ்ட் எடுக்கலாமே சார்."

"படுத்தா கொக்கு கலைஞ்சிடும்லா. அவங்க வந்து பாக்கட்டும்."

"கொக்கு இல்ல சார், அன்னம்."

"கிள்ளான் ஆத்துல அன்னத்தை எங்கம்மா பாத்தேன்? எனக்கு எல்லாம் கொக்குதான்."

இருவரும் சிரித்தோம். புதுச் சட்டை ஒன்றைத் தானே தேய்த்து மாட்டி வைத்தார்.

2. ஐந்து மணி ரிப்போர்ட்

தினமும் மாலை ஐந்து மணிக்கு சூப்பர்வைசர் ஒவ்வோர் அறையாகப் பார்த்து எழுத வேண்டும். படுக்கை எப்படி, பை எத்தனை, ஆள் எத்தனை. ஃப்ரன்ட் ஆபீஸ் தன் கம்ப்யூட்டரில் உள்ளதோடு அதை ஒப்பிடும். எண்ணிக்கை வேறுபட்டால் அதற்கு டிஸ்கிரெபன்சி என்று பெயர். என் மாடிகளில் அது வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

614இல் ஒரு பை, ஒரு பல் துலக்கி, ஒரு ஜோடி ஆண்கள் காலணி. இரண்டாவது ஸ்லிப்பர் பிளாஸ்டிக் பிரிக்காமல் கிடந்தது. 'ஆள் 1' என்று எழுதினேன். ஃப்ரன்ட் ஆபீஸிலிருந்து கவிதா போன் செய்தாள்.

"அக்கா, அது ஆனிவர்சரி ரூம்க்கா. ரெண்டுன்னே விட்டுடலாமே. ஜாம்ல மாட்டியிருப்பாங்க."

"கண்ணால பாத்ததுதான் ரிப்போர்ட். ஒண்ணுன்னு மாத்து."

"உங்ககிட்ட எறும்பு வந்தாக்கூட ரிஜிஸ்டர் பண்ணிட்டுத்தான் போகணும்லா" என்று சொல்லிவிட்டு மாற்றினாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஐந்தரைக்கு கவிதா ஷிப்ட் முடிந்து போனாள். அதன்பின் மெல்பர்னிலிருந்து மகள் அழைத்து, அறைக்கு ஒரு கேக் அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார். அடுத்த ஷிப்ட் பெண் திரையைப் பார்த்து, "ரூம்ல ஒருத்தர்தானே மேடம், சின்ன கேக் போதுமா?" என்று கேட்டாளாம். மகள் கேக்கே வேண்டாமென்று போனை வைத்துவிட்டாராம்.

3. ஸ்டோர் ரூம் வாசலில்

குணசேகரன் கோபப்படவில்லை. கதவைப் பிடித்தபடியே சொன்னார்.

"எட்டு மாசமா மிசஸ் பெட்டாலிங் ஜெயால தங்கச்சி வீட்ல இருக்காங்க. மகளுக்குத் தெரியாது. இன்னிக்கு வரச் சொல்லிக் கேட்டேன். 'பாக்கலாம்'னாங்க. அவங்க பாக்கலாம்னு சொன்னா வந்துடுவாங்கம்மா. முப்பது வருஷமாப் பாக்குறேன்."

"இப்ப சார்?"

"மக அவங்களுக்குப் போன் போட்டு ஒரே அழுகை. எல்லாம் தெரிஞ்சுபோச்சு, இனி எதுக்கு வரணும்னு மிசஸ் கேக்குறாங்க."

மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க எழுதினது கரெக்ட்தான். ஆள் ஒண்ணுதான்." பிறகு, "உங்க வீட்ல எத்தனை பேரும்மா?" என்றார்.

"ஒண்ணு சார்."

"அதான் டக்குனு கண்டுபிடிச்சிட்டீங்க."

குத்திக்காட்டினாரா, வேடிக்கையாகச் சொன்னாரா, தெரியவில்லை. அவர் அறைக்குள் போன பிறகு சோப்பை முதலிலிருந்து எண்ணினேன். இரண்டு முறை எண்ணினேன். இரண்டு முறையும் வேறு வேறு எண் வந்தது.

4. ஞாயிறு

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு லாபியில் ஓர் அம்மா என்னிடம் வந்தார். கையில் குடை. பை எதுவும் இல்லை.

"614க்கு எப்படிப் போகணும் சிஸ்டர்?"

எங்கள் லிஃப்ட்டுக்கு கார்டு வேண்டும். நானே கூட்டிப் போனேன்.

"அவர் காலையில சாப்பிட்டாரா?"

"இல்ல மேடம். கீழ வரல."

"டென்ஷன்னா சாப்பிட மாட்டாரு. அது ஒரு வியாதி." லிஃப்ட் கண்ணாடியில் தலைமுடியைச் சரி செய்துகொண்டார். பிறகு நான் கேட்காமலே, "நான் தங்க வரல. மககிட்ட ரெண்டு பேருமா உக்காந்து சொல்லணும். அதுக்குத்தான்" என்றார்.

பதினொன்று நாற்பதுக்கு இருவரும் இறங்கி வந்தார்கள். குணசேகரனின் கண்கள் சிவந்திருந்தன. சாவி கார்டை ரிசப்ஷனில் கொடுத்தார். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "அந்தக் கொக்கு ரொம்ப அழகா இருந்துச்சு, சிஸ்டர்" என்றார்.

"தேங்க்யூ மேடம்" என்றேன். திருத்தவில்லை.

அவருக்கு கிள்ளான் போக கொமியூட்டர் ரயில், அவருடைய மனைவிக்கு பெட்டாலிங் ஜெயா போக எல்ஆர்டி ரயில். கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷன் வரைக்கும் வழி ஒன்றுதான். வெயிலில் ஒரே பக்கமாக நடந்து போனார்கள். குடை அம்மாவின் கையில் மடித்தபடியே இருந்தது.

அறையை நானே சுத்தம் செய்தேன். கட்டிலில் யாரும் படுக்கவில்லை. அன்னங்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. நாற்காலி மெத்தை மட்டும் அழுந்தியிருந்தது. மேசையில் இரண்டு கப்களும் கழுவி, டிஷ்யூ விரித்து அதன்மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. விருந்தினர்கள் கப் கழுவுவது அபூர்வம்.

அதன் பிறகு மேனேஜரிடம் பேசி ஒரு பழக்கத்தை மாற்றினோம். இரண்டு பேருக்குப் புக் செய்த அறையில் ஒருவர்தான் இருக்கிறார் என்றால், விருந்தினரைக் கேட்காமல் கம்ப்யூட்டரில் மாற்றுவதில்லை. அறையில் எத்தனை பேர் என்பதைப் போனில் யாருக்கும், பெற்ற பிள்ளைக்கும், சொல்வதில்லை. புதிதாக வருபவர்களிடம் நான் இன்றும் சொல்வது: கண்ணால் பார்த்ததை எழுது, ஆனால் எழுதியது யார் காதுக்குப் போகும் என்பதை முதலில் விசாரி.

அந்த ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்து என் நோட்டை எடுத்தேன். '614. செக் அவுட் 11.40. கப் இரண்டு' என்று எழுதினேன். ஆள் என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அந்த நோட்டில் காலியாக இருப்பது அந்த ஒரு கட்டம்தான்.